வானிலைத் துறையின் கால் டிகிரி மழைத் தரவு: எதற்கு நம்பலாம், எங்கே காலை வாரும்

புனேயில் இருக்கும் இந்திய வானிலைத் துறை அலுவலகம் 1901 முதல் இந்தியாவில் பெய்த தினசரி மழையை 0.25 டிகிரி கட்டங்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கோப்பாக இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது, விண்ணப்பம் கிடையாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழை நெடுங்காலத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று கணக்குப் போட விரும்பும் மாணவர், பத்திரிகையாளர், விவசாயிகள் சங்கத்துக்காரர் யாராக இருந்தாலும் முதலில் கை வைப்பது இதில்தான். கை வைக்கவும் வேண்டும். ஆனால் இதை வைத்துக்கொண்டு வரையப்படும் வரைபடங்களில் பல, மழையின் கதையைச் சொல்லவில்லை. மழைமானிகளின் கதையைச் சொல்கின்றன. அந்த வித்தியாசம் தெரிந்து பயன்படுத்தினால் இதற்கு ஈடான இலவசத் தரவு நமக்கு வேறு இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தெற்கே 6.5 டிகிரி அட்சத்திலிருந்து வடக்கே 38.5 வரை 129 வரிசை. மேற்கே 66.5 டிகிரி தீர்க்கத்திலிருந்து கிழக்கே 100 வரை 135 நிரல். ஒரு நாளைக்கு 17,415 எண்கள், மி.மீ. கணக்கில். 2014-இல் வானிலைத் துறை விஞ்ஞானி டி.எஸ். பாய் தலைமையிலான குழு இதன் செய்முறையை வெளியிட்டது. நாடு முழுக்க 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் பக்கத்திலுள்ள சில நிலையங்களின் அளவை, தூரம் கூடக்கூட எடை குறையும்படி சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறார்கள். ஷெப்பர்டு முறை என்று பெயர். 6,955 என்ற எண்ணைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அத்தனை நிலையங்களும் எல்லா ஆண்டும் எல்லா நாளும் பதிவு தந்தவை அல்ல. இதுதான் பின்னால் வரப்போகும் சிக்கலின் வேர்.

தமிழ்நாட்டின் அட்சத்தில் ஒரு கட்டம் ஏறத்தாழ 755 சதுர கி.மீ. மாநிலம் முழுவதற்கும் சுமார் 170 கட்டங்கள் தேறும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ.; ஒரு கட்டத்துக்குக்கூடக் காணாது. கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு கட்டத்துக்குச் சற்று மேல். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மழைக்காடும் முனையின் வறண்ட கரையும் அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். மாநில அளவில் பேச இந்தக் கட்டம் தாராளம். வட்ட அளவில் பேச ஆரம்பித்தால் அது தாங்காது.

கோப்பைத் திறப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே தவறுகிறார்கள். இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது: ஜிஆர்டி என்ற வெறும் பைனரி, விளக்கக் குறிப்புகளோடு வரும் நெட்சிடிஎஃப். பைனரியில் தலைப்பு, தேதி, ஆயத்தொலை (அட்ச, தீர்க்க எண்கள்) எதுவும் இருக்காது. எண்கள் மட்டும் வரிசையாக. ஒவ்வொரு எண்ணும் 4 பைட். அதனால் சாதாரண ஆண்டின் கோப்பு சரியாக 2,54,25,900 பைட் இருக்க வேண்டும், லீப் ஆண்டின் கோப்பு 2,54,95,560. இறக்கியதும் முதல் வேலையாக இந்த அளவைச் சரிபாருங்கள். ஒரு பைட் குறைந்தாலும் இறக்கம் பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். தளத்தில் ஆண்டை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துத்தான் இறக்க முடியும். 1901 முதல் முழுத் தொகுதியும் வேண்டுமானால் பைத்தான் நிரல்மொழியில் ஐஎம்டிலிப் என்ற நூலகத்தைப் பயன்படுத்துவது மேல். தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, சேமிக்கும் இடம் மூன்றையும் கொடுத்தால் மொத்தத்தையும் இறக்கி, எக்ஸ்அரே (கட்டத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்) வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். கிராட்ஸ் என்ற வானிலை வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்கு அதுவும் போதும்.

முதல் எண் தென்மேற்கு மூலை. அங்கிருந்து கிழக்கே போய், பிறகு ஒரு வரிசை வடக்கே ஏறும். படம் வரையும் மென்பொருள்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே வரைவதால் இந்தியா தலைகீழாக வரும். அப்போது வரிசைகளைப் புரட்டினால் போதும். இதைவிட நைசாக ஏமாற்றுவது கட்டத்தின் மையம். கோப்பில் உள்ள ஆயத்தொலை கட்டத்தின் நடுப்புள்ளி. கியூஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருளில் அதை மூலையாக எடுத்துக்கொண்டால் வரைபடம் முழுவதும் 0.125 டிகிரி, அதாவது ஏறத்தாழ 14 கி.மீ. நகர்ந்துவிடும். பார்வைக்குத் தெரியாது. தேனியின் மழை பக்கத்து மலையில் ஏறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மைனஸ் 999. கடலிலும் எல்லைக்கு வெளியிலும் உள்ள கட்டங்களில் இந்த எண்தான் இருக்கும், 'பதிவு இல்லை' என்று பொருள். அதை நீக்காமல் ஆண்டு மொத்தம் போட்டால் வங்காள விரிகுடாவில் மைனஸ் 3,64,635 மி.மீ. மழை பெய்திருக்கும். இப்படிக் கேவலமாக வந்தால் நல்லது, உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. மைனஸ் 999-ஐ வெற்று மதிப்பாக மாற்றிவிட்டு எக்ஸ்அரேயில் ஆண்டுக் கூட்டல் போட்டால், முழுக்க வெற்றாக உள்ள கடல் கட்டங்களுக்கு அது சுழியம் என்று விடை தரும். அந்தச் சுழியங்களையும் சேர்த்து மாநிலச் சராசரி எடுத்தால் கடற்கரை மாவட்டங்களின் மழை காரணமே இல்லாமல் சரியும். கூட்டும்போது 'மின்_கவுண்ட்' என்ற அளவுருவைக் குறைந்தது 1 என்று வைக்க வேண்டும். 360 என்று வைத்தால் அரைகுறை ஆண்டுகளும் சேர்த்தே வடிகட்டப்படும். நாகை, இராமநாதபுரம் பக்கம் வேலை செய்பவர்கள் தங்கள் மாவட்டக் கட்டங்களில் எவை வெற்று என்று முதலில் ஒரு படம் வரைந்து பார்த்துவிடுவது நல்லது.

அட்சம் மாறும்போது கட்டத்தின் பரப்பும் மாறுமே, எடை போட வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை அந்த வித்தியாசம் 2 விழுக்காட்டுக்குள். போட்டால் சரி, போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

தேதி விஷயம் அப்படி இல்லை. வானிலைத் துறையின் மழைக் கணக்கு நாள் காலை 8:30-க்கு முடிகிறது. நேற்றுக் காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழை டிசம்பர் 1-ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. தாம்பரத்தின் 49 செ.மீ. டிசம்பர் 2-ஆம் தேதிக் கணக்கில்தான் இருக்கிறது. செயற்கைக்கோள் தரவுகள் பெரும்பாலும் உலக நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடுபவை. இரண்டையும் நாள்வாரியாக ஒப்பிட்டு 'பொருந்தவில்லை' என்று முடிவு கட்டுவது வீண் வேலை.

ஆண்டு மொத்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 920 மி.மீ.; அதில் பாதியை ஒட்டி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை தருகிறது. இந்தப் பருவம் சில ஆண்டுகளில் டிசம்பர் 31-ஓடு நிற்பதில்லை. 2021 ஜனவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாவைச் சாய்த்த மழை அப்படிப்பட்டது. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டினால் அந்த மழை 2021-இன் கணக்கில் விழுகிறது. அதே 2021-இன் இறுதியில் வந்த பருவமழை இயல்பைவிட 59 விழுக்காடு அதிகம். ஆக, இரண்டு பருவங்களின் மழை ஒரே ஆண்டில் ஏறி, அந்த ஆண்டை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். நமக்கு ஜூன் முதல் மே வரை கூட்டுவதுதான் முறை. கேரளத்துக்கோ மகாராஷ்டிரத்துக்கோ இது பெரிய விஷயம் இல்லை. அங்கே ஜனவரி காய்ந்த மாதம்.

இனி இந்தத் தரவின் பலவீனமான இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சின்னக்கல்லாறு நாட்டிலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று. கீழே இறங்கி உடுமலைப் பக்கம் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தேறாது. கட்டப் புள்ளியின் மழையைக் கணக்கிடும்போது நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் பார்க்கப்படுகிறது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மலையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அல்ல. மலைமேல் உள்ள மழைமானி ஒழுங்காகப் பதிவு அனுப்பும்வரை எல்லாம் சரி. அது ஒரு பருவம் அனுப்பாமல் விட்டால், அல்லது ஒரேயடியாக நின்றுபோனால், அந்தக் கட்டம் வெற்றாக ஆவதில்லை. சமவெளியில் உள்ள நிலையங்களின் மழை மலைமேல் ஏறி அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒரு கட்டத்தில் மலை நிலையம் 3,000 மி.மீ., சமவெளி நிலையம் 700 மி.மீ., இரண்டுக்கும் சம எடை என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தின் மழை 1,850. மலை நிலையம் மூடப்பட்ட மறு ஆண்டு அது 700. வானம் ஒரு துளிகூட மாறவில்லை. வரைபடத்தில் மட்டும் ஆனைமலை காய்ந்துவிட்டது. புதிய மானி வைக்கப்படும் இடத்தில் இதுவே தலைகீழாக நடக்கும்.

இது கற்பனைக் கவலை அல்ல. இந்திய மழைமானிகளின் பதிவுகள் காலப்போக்கில் எப்படிக் கூடிக் குறைந்தன என்பதை ஆராய்ந்து, கனமழை நிகழ்வுகளில் தெரியும் நெடுங்காலப் போக்கையே அது கோணலாக்கக்கூடும் என்று மரேனா லின், பீட்டர் ஹைபர்ஸ் இருவரும் 2019-இல் காட்டினார்கள். கனமழை கூடுகிறது என்பதற்கு இருக்கும் எல்லாச் சான்றும் பொய் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒற்றைக் கட்டத்தை எடுத்து அதன் போக்கை அறிவிப்பவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அறிவிக்க வேண்டும்.

சராசரி எடுப்பதால் வரும் இன்னொரு விளைவு: உச்சம் மழுங்கும், தூறல் பரவும். 2015-இன் அதே நாளில் மீனம்பாக்கத்தில் 35 செ.மீ. அளவுக்குப் பதிவானது, பத்து கி.மீ. தள்ளி நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டும் ஒரே கட்டத்துக்குள். தாம்பரம் இரண்டு கட்டங்களின் எல்லைக் கோட்டிலேயே விழுகிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியதே, அதைக் கட்டத் தரவில் அப்படியே தேடக் கூடாது. மறுபக்கம், ஐந்து ஊர்களில் ஓர் ஊரில் மட்டும் 15 மி.மீ. பெய்தால் கட்டத்துக்கு 3 மி.மீ. என்று வரலாம். வானிலைத் துறையின் வரையறையில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள். ஆக நான்கு ஊர்களில் வெயில் அடித்த நாளும் மழைநாள் ஆகிவிடுகிறது. 'ஆண்டு மழை மாறவில்லை, மழைநாள்கள் குறைந்துவிட்டன' என்ற வகைக் கூற்றுகளுக்கு இந்தத் தரவு தோதான கருவி அல்ல. அதற்கு நிலையப் பதிவே வேண்டும். 204.5 மி.மீ.-க்கு மேற்பட்ட அதிகனமழை நாள்களை எண்ணுவதற்கும் அப்படியே.

ஆண்டு மொத்தம், பெரிய பரப்பு, நீண்ட காலம் இந்த மூன்றும் சேர்ந்தால் இது நன்றாக வேலை செய்கிறது. ஒருநாள் மழுங்கலும் பரவலும் ஆண்டுக் கூட்டலில் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். 1951-க்குப் பிறகான பகுதியைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளைப் பெரிய பஞ்சத்தையும் பெருமழையையும் அடையாளம் காணப் பயன்படுத்தலாம்.

இன்னொரு பெரிய நன்மை மாவட்ட எல்லை. மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை வெளியிடும் பருவமும் பயிரும் அறிக்கையில் மாவட்டவாரி மழை கிடைக்கிறது. ஆனால் மாவட்டங்கள் உடைந்துகொண்டே இருக்கின்றன. 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு. அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. திருநெல்வேலி என்ற பெயரின் கீழ் 2018-இல் இருந்த எண்ணும் இன்று இருக்கும் எண்ணும் ஒரே நிலத்தின் மழை அல்ல. குற்றாலத்துச் சாரலே தென்காசியோடு போய்விட்டது. கட்டத் தரவில் இன்றைய எல்லையை எடுத்து 1951 முதல் ஒரே அளவுகோலில் வெட்டிக்கொள்ளலாம். 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்த கன்னியாகுமரிக்கும் அதே எல்லை செல்லும். வெட்டும்போது மையப்புள்ளி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கட்டத்தின் எத்தனை பங்கு மாவட்டத்துக்குள் வருகிறதோ அந்த எடையைக் கொடுங்கள். பத்துக் கட்டத்துக்குக் குறைவான மாவட்டங்களில் இது முடிவையே மாற்றும்.

போக்கைச் சோதிக்க எல்லோரும் எடுப்பது, போக்கு உண்டா என்று சொல்லும் மான்–கெண்டால் சோதனையும் அதன் வேகத்தை அளக்கும் சென் சரிவும். தவறில்லை. ஆனால் அதற்கு முன் காகிதத்தில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 440 மி.மீ.; ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் அதில் கால் பங்கு, அதாவது 110 மி.மீ. என்று கொள்வோம். 30 ஆண்டுத் தரவில் இப்படி ஆடும் மழைக்கு நேர்கோடு போட்டால், மொத்த மாற்றம் சுமார் 140 மி.மீ. தாண்டினால்தான் 95 விழுக்காடு உறுதியோடு 'போக்கு உண்டு' என்று சொல்ல முடியும். பருவமழையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போக வேண்டும் என்று அர்த்தம். 70 ஆண்டுத் தரவு இருந்தால் இந்த வாசல் 90 மி.மீ. அளவுக்கு, ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. 'குறிப்பிடத்தக்க போக்கு இல்லை' என்ற வாக்கியத்தை 'மழை மாறவில்லை' என்று மொழிபெயர்ப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. மாற்றம் இருந்தும் கருவிக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதும் அவ்வளவு முக்கியம். 2016-இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அந்த ஆண்டோடு தொடரை முடித்தால் கோடு கீழே வளையும்; 2021-ஓடு முடித்தால் நிமிரும். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்தாறு ஆண்டுகளை முன்பின் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். அதிலும் சரிவின் திசை மாறாமல் நின்றால் பேசலாம். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுவதும் அது குளிரும் லா நினா ஆண்டுகளில் குறைவதும் பொதுவான வழக்கம். தொடரின் எந்தப் பாதியில் எத்தனை எல் நினோ விழுந்தது என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். 2021 லா நினா ஆண்டாக இருந்தும் கொட்டியது, ஆகவே இதை விதியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நாட்டு அளவில் இந்த நிதானத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு வானிலைத் துறையே. தென்மேற்குப் பருவமழையின் நீண்டகாலச் சராசரி 1961–2010 கணக்கில் 88 செ.மீ. என்றிருந்ததை, 2022 ஏப்ரலில் 1971–2020 கணக்கில் 87 என்று மாற்றினார்கள். பத்தாண்டுக் கணக்கில் மாறிமாறி வரும் ஈரக்காலம், வறட்காலம் என்ற இயற்கையான ஊசலே இந்தக் குறைவுக்குக் காரணம் என்று விளக்கமும் தந்தார்கள். ஒரு சென்டிமீட்டர் என்றாலும் நாடு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் சிறிய தண்ணீர் அல்ல. இயல்பு என்ற அளவுகோலே நகர்கிறது என்பதால், 'இயல்பைவிட இத்தனை விழுக்காடு' என்ற செய்திகளைப் பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிடும்போது எந்த இயல்பு என்று பார்ப்பது அவசியம்.

நடப்பு ஆண்டுக்கு நிகழ்நேரக் கோப்பும் உண்டு. அவசரத்துக்கு உதவும். உடனுக்குடன் பதிவு அனுப்பும் நிலையங்கள் குறைவு என்பதால், அதை 1951 முதலான தொடரின் வாலில் ஒட்டிவிட்டுப் போக்கு பார்க்கக் கூடாது. ஆண்டு முடிந்து முழுக் கோப்பு வரும்வரை காத்திருங்கள்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவர்களுக்கு இது பயன்படாது; கோப்பின் சட்டகத்துக்குள் இலங்கை விழுந்தாலும் மதிப்பு கிடையாது. அங்கே 1981 முதல் 0.05 டிகிரியில் கிடைக்கும் சிர்ப்ஸ் தரவை எடுக்கலாம். செயற்கைக்கோளையும் மழைமானியையும் கலந்து செய்தது. நீண்ட காலம் வேண்டுமென்றால் 1891-இலிருந்து தொடங்கும் ஜெர்மனியின் ஜிபிசிசி மாதத் தரவு.

இந்திய வானிலைத் துறையிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிலையங்களின் பதிவு சேர்ந்தது என்ற எண்ணிக்கையை, மழைக் கோப்போடு இன்னொரு கோப்பாகத் தர வேண்டும். செய்முறையில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாமல் சராசரியே போட முடியாது. அதை வெளியிட்டால், ஆனைமலையில் காய்ந்தது மழையா மானியா என்று பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடலாம். அதுவரை, புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 306 நிலையத் தொடரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1871-இல் தொடங்கும் மாதத் தொடர் அது. நிலையங்களின் பட்டியலை மாற்றாமல் வைத்திருப்பதுதான் அதன் பலம், மலைப் பகுதிகளை விட்டுவிடுவது அதன் குறை. தமிழ்நாட்டு வானிலை உட்பிரிவின் மழைத் தொடரை அதிலிருந்து எடுத்து, கட்டத் தரவில் நீங்கள் போட்ட சமவெளிச் சராசரியோடு ஒரே தாளில் வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் பத்தாண்டுகளை நம்பலாம். பிரிந்து போகும் பத்தாண்டுகளுக்கு மட்டும், வானிலைத் துறையின் தரவு வழங்கு தளத்தில் விண்ணப்பித்து அந்தப் பகுதியின் நிலையப் பதிவுகளை வாங்கி, எந்த மானி எந்த மாதத்தில் நின்றது என்று பாருங்கள்.